அம்முவேல் அளந்த ஏழாம் பங்கு

சிமியோன் கோத்திரத்தில் அம்முவேல் என்றால் எல்லோருக்கும் அவன் வாய்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். கூடாரம் அடிக்கிற இடத்துக்காக இரண்டு குடும்பங்கள் முளைக்குச்சியை ஓங்கிக்கொண்டு நின்றால், இவன் நடுவே புகுந்து பேசியே இரு தரப்பையும் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவான். யாருக்கு நிழல், யாருக்குக் காற்று, யார் ஆடு எந்தப் பக்கம் கட்ட வேண்டும் என்று அவன் சொல்லிவிட்டால் மறுபேச்சு இருக்காது. அவன் சொன்னது நியாயமாக இருக்கும் என்பது பாதிக் காரணம். அவனோடு பேசி ஜெயிக்க முடியாது என்பது மீதிக் காரணம்.

ஜனங்கள் வனாந்தரத்தில் நடந்த வழியில் பிறந்தவன். பெற்ற இடம் எதுவென்று அவன் தாய்க்கே சொல்லத் தெரியாது. வழிகாட்டும் மேகம் எழும்பியது, ஜனங்கள் நடந்தார்கள், அவளும் குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். அதே வனாந்தரத்தில்தான் அம்முவேலும் தன் பிள்ளைகள் இருவரைப் புதைத்தான். கொள்ளைநோய் வந்தபோது மற்றக் கோத்திரங்களில் ஆள் ஆளாகப் போனார்கள் என்றால், சிமியோனில் கூடாரம் கூடாரமாகவே காலியானது. யோர்தானைக் கடந்தபோது சிமியோன்தான் எல்லாரிலும் சின்னக் கூட்டம். பாளயத்தில் தண்ணீருக்கு நின்றால், "சிமியோனா? உங்களுக்கு ஒரு குடம் போதுமே" என்று பெண்கள்கூடக் கேலி செய்வார்கள்.

அம்முவேலின் மனைவி நாராள் அதிகம் பேசமாட்டாள். ஒருமுறை மட்டும் சொன்னாள்:

"எனக்கு வீடு வாசல் ஆசையெல்லாம் இல்லங்க. புதைச்ச இடத்த விட்டுட்டு நடக்காத ஒரு ஊரு இருந்தாப் போதும்."

யூதாவும் யோசேப்பு வம்சமும் தங்கள் காணியை வாங்கிக்கொண்டு போய்விட்ட பிறகு, ஏழு கோத்திரங்கள் சீலோவில் சும்மா உட்கார்ந்திருந்தன. கோத்திரத்துக்கு மூன்று பேர் போய், தேசத்தைச் சுற்றிப் பார்த்து, அளந்து, ஏழு பங்காக எழுதிக்கொண்டு வரவேண்டும். பிறகு கர்த்தருக்கு முன்பாகச் சீட்டுப் போடப்படும் என்று உத்தரவு வந்தது. சிமியோனின் மூப்பர் சேராகு, முதல் ஆளாக அம்முவேலின் பெயரைத்தான் சொன்னார்.

"நம்மகிட்ட ஆள் பலம் இல்ல. உன் வாய்தான் இருக்கு. எவனும் நம்மள ஏமாத்தாம பாத்துக்க."

"மாமா, இதுல யாரும் யாரையும் ஏமாத்த முடியாது. எந்தப் பங்கு யாருக்குன்னு அளக்குறவனுக்கே தெரியாது. குறைச்சு வெட்டினா அது அவன் தலையிலயே விழலாம்" என்றான் அம்முவேல். அந்த ஏற்பாடு அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. போகிற வழியெல்லாம் அதைப் பற்றியே புகழ்ந்துகொண்டு போனான்.

கூட வந்தவர்களில் அவனோடு ஒட்டிப்போனவன் தாண் கோத்திரத்து ஊசாம். ஆள் மலை மாதிரி இருப்பான். பேச்சு ஆமை மாதிரி வரும். அளவுநூலின் ஒரு முனையை ஊசாமும் மறுமுனையை அம்முவேலும் பிடித்தார்கள். எழுதுகிற வேலை இசக்கார் கோத்திரத்து யாசூபுடையது. தோல்சுருளை மழைக்கும் வெயிலுக்கும் காட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டே நடப்பான். "பொண்டாட்டிய இப்படித் தூக்கிக்கிட்டுப் போயிருந்தா புண்ணியமாப் போயிருக்கும்" என்பான் அம்முவேல்.

யெஸ்ரெயேல் பள்ளத்தாக்கில் இறங்கியபோது அவன் வாய் முதல்முறையாக அடைத்தது.

மண் கறுப்பாக, ஈரமாக, மிதித்தால் பாதம் உள்ளே போகிற மாதிரி இருந்தது. ஊற்று ஒன்று பாறைக்கடியிலிருந்து சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அம்முவேல் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தான். இது எனக்கு விழட்டும் என்று உள்ளே ஓர் ஆசை எழுந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நேரத்தில்தான் களத்தில் கோதுமை தூற்றிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அந்த ஊர்க்காரி. பேச்சு இவர்கள் பேச்சு மாதிரிதான். கொஞ்சம் இழுத்துப் பேசினாள்.

"என்னய்யா, கயிறும் கையுமா அலையிறீங்க? மாடு எதுவும் தொலைஞ்சு போச்சா?"

"இல்லம்மா. நிலம் அளக்கறோம்."

"யாரு நிலத்த?"

ஊசாம் அம்முவேலைப் பார்த்தான். அம்முவேல் கயிற்றைப் பார்த்தான்.

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. யாரோ ராஜாவின் ஆட்கள், வரி போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "அளக்கறதுன்னா சரியாச் சொல்லி அளங்க. இது நண்டுக்குழி, என் மாமனாரோடது. அந்தப் பக்கம் கழுதைமடி. ஓடைக்கு அங்கிட்டு இருக்கே, அது மூத்தவ பாத்தி. என் நாத்தனாருக்குக் குடுத்தது. கலந்துடாதீங்க, அவ சண்டைக்கு வருவா" என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். பிறகு வறுத்த கதிர் கொஞ்சமும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அம்முவேல் கதிரை வாயில் போட்டுக்கொண்டான். மென்றபடியே அவள் காட்டிய வயல்களைத் திரும்பப் பார்த்தான். இத்தனை நாள் தேசம், தேசம் என்று கேட்டே வளர்ந்தவன். அந்த வார்த்தைக்குள் வயலுக்கு வயல் ஒரு பெயர் இருக்கும், நாத்தனாரோடு சண்டை இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று யாசூப் எழுதியதை எட்டிப் பார்த்தான். நல்ல ஊற்று, நல்ல மண், என்று இருந்தது.

"அந்தப் பொம்பளையப் பத்தி ஒண்ணும் எழுதலையா?"

"ஆளுங்களப் பத்தி எழுதச் சொல்லல அண்ணே. நிலத்தப் பத்தித்தான் எழுதச் சொன்னாங்க" என்றான் யாசூப். சுருளை அவசரமாகச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டான்.

அதன் பிறகு அம்முவேல் எந்த ஊரிலும் யாரிடமும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. தாகத்தோடேயே அளந்தான்.

தேசத்தைச் சுற்றி முடித்துக் கணக்குப் பார்த்தால் இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. ஆறு பங்கு ஒழுங்காக வந்தது. ஏழாவதுக்கு நிலம் இல்லை. மலைச்சரிவும் முள்ளும்தான் மிச்சம். ஆறையும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி ஏழாக்கலாம் என்றால், செபுலோன்காரன் கத்தினான், ஆசேர்காரன் நூலைப் பிடுங்கினான். எல்லாருக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அம்முவேலுக்கும்தான். புறப்படும்போது நாராள் முழுகாமல் இருந்தாள்.

அம்முவேல்தான் எழுந்து சொன்னான்.

"தெக்க யூதா பங்க பாத்தீங்கல்ல? கண்ணுக்கெட்டுற வரைக்கும் அவங்களுது. பாதி நிலத்துல மனுஷன் காலே படல. அதுலேர்ந்து ஒரு பங்கு வெட்டினா என்ன?"

"யூதாகிட்டப் போய் நிலத்தக் குடுன்னு கேக்கப் போறியா? உனக்குப் பித்து ஏதும் புடிச்சிருச்சா?" என்றான் ஊசாம்.

"கேட்டா அடிப்பாங்களா? அடிச்சா வாங்கிக்குவோம்."

யூதாவின் தெற்குப் பக்கத்து மூப்பர் யோகீம் பெரிய தாடியும் சிவந்த கண்ணுமாக ஆட்டுத்தொழுவ வாசலில் உட்கார்ந்திருந்தார். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் அம்முவேல் போனான். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். முதல் இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை.

"எடுத்துக்கங்க" என்றார் யோகீம்.

அம்முவேலுக்குக் காதில் சரியாக விழவில்லை. "என்ன சொன்னீங்க பெரியவரே?"

"எடுத்துக்கங்கன்னேன். எங்களுக்கு இருக்கறது எங்களாலேயே ஆண்டு அனுபவிக்க முடியாத அளவு இருக்கு. பெயெர்செபா பக்கம் சில ஊரு, சுத்தி மேய்ச்சல். ஆனா ஒண்ணு, எங்களுக்கு நடுவுலதான் இருக்கணும். நாலு பக்கமும் நாங்க இருப்போம். வர்றவன் யாராயிருந்தாலும் எங்க சொல்லக் கேட்டு இருக்கட்டும்."

எதிர்ப்பே இல்லாமல் கிடைத்த பங்கைக் கண்டு, அளக்க வந்த எல்லாருமே திகைத்துப்போய் நின்றார்கள். அந்த நிலத்தை நடந்து பார்த்தபோது திகைப்பு குறைந்து வேறொன்று வந்தது. கிணறு இருந்தது, ஆழமான கிணறு. அதைத் தாண்டினால் காற்றும் புழுதியும். மழை பெய்த வருஷம் புல் இருக்கும்; பெய்யாத வருஷம் அதுவும் இல்லை. எல்லைக்கு நூல் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கே திரும்பினாலும் யூதா.

ஊசாம் கயிற்றைக் கீழே போட்டான். "இத ஒரு பங்குன்னு சொன்னா மனசாட்சி உறுத்தும்டா. யெஸ்ரெயேலும் இதுவும் ஒண்ணா?"

அங்கேதான் அம்முவேல் தன் வாயைத் திறந்தான். கிணற்றுத் தண்ணீரின் இனிப்பைச் சொன்னான். பக்கத்தில் யூதா இருப்பதால் சத்துருக்கள் நெருங்க முடியாது என்றான். அங்கே வேறு ஜனங்கள் குறைவு, யாரையும் துரத்த வேண்டாம் என்று அவன் சொன்னபோது யாசூப் எழுதுகோலை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தான். அது மட்டும் உண்மையான காரணம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. மற்றதெல்லாம் சீக்கிரம் வீடு போய்ச் சேருவதற்கான பேச்சு. பேசப்பேச முள்வெளி மேய்ச்சலாயிற்று, மேய்ச்சல் தோட்டமாயிற்று. கடைசியில் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

"உனக்கு விழுந்தா?" என்று கேட்டான் ஊசாம்.

"சந்தோஷமா வாங்கிக்குவேன்" என்று சிரித்தான் அம்முவேல். விழாது என்றுதான் நினைத்தான். ஏழில் ஒன்று. சீட்டுக்கு அவன் மூஞ்சி மட்டும் எப்படித் தெரியும்?

சீலோவில் கர்த்தரின் ஆசரிப்புக் கூடார வாசலில் ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது. நாராள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிமியோன் பெண்களோடு நின்றாள். முந்தின நாள் அவனிடம் கேட்டிருந்தாள், "ஏழும் சமந்தானங்க?" என்று. "சமந்தான்" என்றான்.

ஒரு பையிலிருந்து கோத்திரத்தின் பெயர் எழுதிய ஓடு வந்தது; இன்னொரு பையிலிருந்து பங்கு வந்தது. முதல் சீட்டு பென்யமீன். யூதாவுக்கும் யோசேப்புக்கும் நடுவே மலைநாடு. பென்யமீன்காரர்கள் ஆர்ப்பரித்தார்கள். அடுத்த ஓடு சிமியோன் என்று வாசிக்கப்பட்டதும் அம்முவேல் கண்ணை மூடிக்கொண்டான். கறுப்பு மண், பாறைக்கடி ஊற்று.

"யூதாவின் நடுவே, ஏழாம் பங்கு" என்று குரல் கேட்டது.

  யாரோ அவனைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருப்பதுபோல, ஜனங்களின் சத்தம் எங்கோ மேலே கேட்டது. அதற்குள் பங்கின் விவரத்தை உரக்க வாசித்தார்கள். இனிப்பான தண்ணீருள்ள கிணறு, பரந்த மேய்ச்சல், தோட்டத்துக்கேற்ற இடம், சத்துரு பயமில்லாத குடியிருப்பு. ஒவ்வொரு வார்த்தையும் அவனுடையது. யாசூப் ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல் எழுதியிருந்தான்.

சிமியோன் கூட்டம் துள்ளிக் குதித்தது.

அதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது. பெண்கள் மேளம் தட்டினார்கள். குடத்துக்குக் கேலி பேசப்பட்ட ஜனம், ஆண்டாண்டாக அடுத்தவன் பின்னால் நடந்த ஜனம், அவனைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. சேராகு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். "என் தங்கச்சி மவனே, நம்மள மனுஷனாக்கிட்டடா!" தூரத்தில் ஊசாம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெரிய முகத்தில் கேலி இல்லை. 

"மாமா, நிறுத்தச் சொல்லுங்க" என்றான் அம்முவேல்.

"என்னடா?"

"ஆட்டத்த நிறுத்தச் சொல்லுங்க. அது அப்படி இல்ல."

சேராகுக்குப் புரியவில்லை. இவன் சந்தோஷத்தில் உளறுகிறான் என்று நினைத்தார். அம்முவேல் சொல்லச் சொல்ல அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. கிணறு ஒன்றைத் தவிர மீதி புழுதி. நாலு பக்கமும் யூதா. சமம் என்று பேசி ஒப்புக்கொள்ள வைத்தது வேறு யாரும் இல்லை, நான். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. அவர்கள் அடுத்தவர்களிடம் சொன்னார்கள். மேளம் ஒவ்வொன்றாக நின்றது. கடைசி மேளம் மட்டும் விஷயம் தெரியாமல் பின்னால் எங்கோ கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தது.

சேராகு கையை ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தார். பிறகு தானே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்முவேல் மூப்பர்களிடம் ஓடினான். திரும்ப அளக்க வேண்டும், சீட்டைத் திரும்பப் போட வேண்டும் என்று கெஞ்சினான். அவர்களில் ஒருவர் அவனைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது வேற கோத்திரத்துக்கு விழுந்திருந்தா நீ இப்ப இங்க வந்து நிப்பியா?"

ஊரையே பேசி ஜெயித்தவன் தலைகுனிந்து கூட்டத்துக்குள் திரும்பினான். மூன்றாம் சீட்டை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கறுப்பு மண் பள்ளத்தாக்கு இசக்காருக்குப் போனது. தாணுக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில், கடலோரப் பக்கம் விழுந்தது. யாசூப் தன் கோத்திரத்தின் ஆர்ப்பரிப்புக்கு நடுவே கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

நாராள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. தெற்கே போகிற வழி முழுக்க அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கழுதையின் கயிற்றை அவன் வாங்கப் போனால் கையை மாற்றிக்கொண்டாள். பெயெர்செபாவில் இறங்கி, புழுதிக் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாலு திசையும் பார்த்தாள்.

"இங்கேர்ந்து போகச் சொல்ல மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"அப்ப கூடாரத்த அடிங்க. பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

அங்கேதான் அவர்களுக்குப் பெண் பிறந்தது. இந்தப் பிள்ளை பிழைத்துத் தங்கியது. வருஷத்துக்கு வருஷம் வாழ்க்கை சுளுவாயிற்று என்று சொல்ல முடியாது. சிமியோன் ஆட்கள் அவனை முதலில் கிணற்றடியில் சேர்க்கவே மறுத்தார்கள். "தோட்டத்துக்கேத்த இடம் வருது, வழிவிடுங்க" என்று அவன் வார்த்தையையே அவன் முகத்தில் எறிந்தார்கள். அவன் எதிர்த்துப் பேசவில்லை. புதுக் கிணறு தோண்டும்போது அடியில் இறங்குகிற வேலையை மட்டும் யாருக்கும் விடமாட்டான். யூதா ஆட்கள் நல்லவர்கள்தான், தங்கள் சொல்லைக் கேட்கிறவரைக்கும். பிள்ளைகள் யூதாப் பிள்ளைகளோடு சேர்ந்து அவர்கள் மாதிரியே பேசப் பழகினார்கள். பையன்களைக் கேட்டால் சிலர் தங்களை யூதா என்றே சொன்னார்கள். சேராகு அதைக் கேட்டு ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார்.

நரை விழுந்த காலத்தில் ஒருநாள் ஊசாம் வந்தான். அம்முவேலுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. மலை கரைந்துபோய் எலும்பாக நின்றது. பின்னால் மனைவி, பிள்ளைகள், இளைத்த கழுதை.

"என்னடா இது கோலம்?"

"எங்க பங்கு நல்ல பங்குடா. நாமதான அளந்தோம்? ஆனா அதுல கால் வெக்க விடல. அங்க இருக்கறவங்க எங்கள மலைக்குத் துரத்திட்டாங்க. பள்ளத்துல இறங்கினா வெட்டு. பிள்ளைங்க மலைப்பொந்துலயே பொறந்து வளருதுங்க."

அம்முவேல் அவர்களுக்குக் கூடாரம் ஒதுக்கி, ஆடு அடித்தான். ஒரு பருவம் முழுக்க ஊசாம் அங்கே இருந்தான். உடம்பு தேறியது. போகிற நாள் நெருங்கியபோது அம்முவேலைத் தனியே கிணற்றுப் பக்கம் அழைத்துப்போனான்.

"எங்க ஆளுங்க வேற இடம் பாத்துட்டாங்க. வடக்க, மலையடிவாரத்துல லாயீஸ்னு ஒரு ஊரு. தண்ணி கொட்டுதாம். ஆயுதம் எடுத்துக்கிட்டுப் போகப் போறோம். பங்கு போடறதுக்கு அளக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். நீ வா. உனக்கும் ஒரு பங்கு எடுத்து வெக்கச் சொல்லியிருக்கேன். இந்தப் புழுதில எத்தன நாள் கிடப்ப?"

அம்முவேல் வடக்கே திரும்பிப் பார்த்தான்.

"அங்க யாரு இருக்கா?"

"இருக்காங்க. சாதுவான ஜனங்களாம். யார் வம்புக்கும் போகமாட்டாங்க, கதவகூடச் சாத்த மாட்டாங்களாம். கூப்பிட்டாலும் உதவிக்கு வர ஆள் இல்ல." ஊசாம் இதை நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னான். "சுளுவா முடிஞ்சிரும்னு வேவு பாத்தவங்க சொல்றாங்க."

அம்முவேல் தன் நண்பனின் முகத்தையே பார்த்தான். இதே மனுஷன்தான், புழுதிக் காட்டில் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மனசாட்சி உறுத்தும் என்று சொன்னவன்.

"நீயா ஊசாமு பேசுற?"

"எம் புள்ளைங்க பொந்துல கிடக்குதுடா" என்றான் ஊசாம். சொன்னவன் கண் கலங்கியது. ஆனால் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. "உனக்கென்ன, அப்படியோ இப்படியோ ஒரு பங்கு இருக்கு. நீ பேசலாம்."

 அம்முவேல் அவனோடு போகவில்லை. ஊசாமையும் தடுக்க முடியவில்லை. எத்தனையோ பேரைப் பேசி மாற்றியவன் அன்று வழிக்கு அப்பம் மட்டும் கட்டிக் கொடுத்தான். ஊசாமின் மனைவி கழுதையில் ஏறும்போது நாராளின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

அறுவடை முடிந்த சமயம், வடக்கேயிருந்து வந்த ஆட்டுமந்தைக்காரர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். லாயீஸை எரித்துவிட்டார்கள். கதவு திறந்தபடியே இருந்ததாம். அதே இடத்தில் இப்போது தாண் என்று புது ஊர் எழும்புகிறது. தெருவுக்கு நூல் பிடிக்கிறவன் ஊசாம் என்று ஒரு பெரிய ஆள்.

சொன்னவன் அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தான். கேட்டுக்கொண்டிருந்த அம்முவேல், கையிலிருந்த அப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டு, எழுந்திருக்கப் பார்த்தான்.  மறுபடி உட்கார்ந்துகொண்டான். அன்று சாயங்காலம் அவனுக்குப் பதிலாக ஆடுகளுக்குத் தண்ணீர் இறைக்க நாராள்தான் போனாள்.